கீழ்நோக்கு நாள்

சாய்ந்தமருது ஒடுங்கிய ஊர். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, இடையில் ஒரு நெடுஞ்சாலை. அதன் இருமருங்கும் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒரு குடும்பத்திற் பெண்பிள்ளை பிறந்தால், அவளுக்குரிய வீட்டை எழுப்ப வளவின் எந்த மூலையில் இடம் எஞ்சும் என்ற கணக்கும் கூடவே பிறந்துவிடும். நிலத்தின் மேற்பரப்பு முழுவதும் இவ்வாறு பங்கிடப்பட்டுவிட்ட ஓர் ஊரில், நிலத்தின் அடியிலே கிடக்கும் பொன்னைப் பற்றிய கதைகள் மலிந்திருப்பது வியப்பன்று. இரவில் இடம் மாறும் செப்புக்குடம், அதனைக் காத்துநிற்கும் ஜின், தோண்டச் சென்றவன் வாய் பேசியதும் கரியாகிப்போன காசு ஆகிய இவற்றைக் கேளாது உறங்கிய பிள்ளைகள் எங்கள் தலைமுறையிலும் அரிதே. அக்கதைகளுள் ஒன்று எங்கள் குடும்பத்திற்குள் நுழைந்த வரலாற்றை, அதில் எனக்குள்ள பங்கையும் மறைக்காது, ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

என் உம்மாவின் மூத்த சகோதரர் ஒரு காலத்திற் கரைவலையிற் பங்குடையவர். கடற்கரையில் அவருக்கு ஒரு வாடியும், வாடிக்குச் சற்று மேற்கே ஒரு வீடும் இருந்தன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் அவ்விரண்டையும் கொண்டுபோயிற்று. அலுமாரியில் இருந்த மாமியின் நகைகளும் போயின. அவர்களுடைய மகளும் போனாள். அவளுக்கு இரண்டு வயது. எனக்கும் அப்போது இரண்டு வயது. அவளது ஜனாஸா கிடைக்கவில்லை. அதன் பின்னர் பல வாரங்களாக மாமா மண்வெட்டியுடன் கடற்கரை மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாராம். நகையைத் தேடுகின்றார் என அயலவர் எண்ணினர். மூத்தம்மா அவ்வாறு எண்ணவில்லை. அவரே பிற்காலத்தில் இதனை எனக்குச் சொன்னார்.

மாமா பின்னர் கடலுக்குப் போகவில்லை. தந்தைவழி வந்த இரண்டு ஏக்கர் வயலைச் செய்து வாழ்ந்தார். என்னைக் காணும்போதெல்லாம் என் உயரத்தை அளப்பவர்போற் பார்ப்பார். அதன் பொருள் எனக்கு விளங்க நெடுங்காலம் சென்றது.

2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவரிடம் மூவர் வந்துபோகத் தொடங்கினர். ஒருவர் அம்பாறைக்கு அப்பாலுள்ள குடியேற்றக் கிராமமொன்றைச் சேர்ந்த சிங்களவர். காட்டை நன்கு அறிந்தவர். மற்றவர் பஞ்சாங்கம் பார்க்கும் தமிழர். இவ்விருவரையும் மாமாவுடன் இணைத்துவைத்தவர் எங்கள் பகுதியைச் சேர்ந்த ஒரு வியாபாரி. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்துக் குண்டுவெடிப்புகளின் பின்னர் இம்மூவினத்தாரும் ஒருவர் தெருவில் மற்றவர் நடக்கவே தயங்கிய காலம் அது. அத்தகைய காலத்தில் மூவினத்தாரும் ஒரே பாயிலிருந்து தேநீர் அருந்திய காட்சியை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கண்டேன். அவர்களை ஒன்றுசேர்த்தது காட்டிற் கிடந்த ஒரு கல்.

அக்கல்லை மாமா நேரிற் சென்று பார்த்து, பென்சிலால் ஒரு தாளில் வரைந்து வந்திருந்தார். நீண்டதொரு கற்றூண், அதன் ஒரு முகத்தில் ஒரு வட்டம், அதனருகே ஒரு பிறை, அவற்றின் கீழ் ஒரு பறவை, ஒரு நாற்கால் விலங்கு. பஞ்சாங்கக்காரர் அதற்குக் கூறிய விளக்கத்தை மாமா எனக்கு ஒப்புவித்தார். வட்டம் சூரியன், பிறை சந்திரன். இரண்டும் அருகருகே இருத்தலால் அது கிரகணத்தைக் குறிக்கும். பறவை காகம், காகம் சனியின் வாகனம். விலங்கு நாய், நாய் பைரவரின் வாகனம், அதாவது காவல். எனவே சனியோடு கூடிய சூரிய கிரகணத்தின்போது காவல் தளரும். அவ்வேளையிற் கல்லைப் பெயர்த்தால் அதன் அடியில் நிதி உண்டு.

இவ்விளக்கத்தை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் அது எத்துணைக் கச்சிதமாக அமைந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும். சோதிட மரபு இருபத்தேழு நட்சத்திரங்களையும் மேல்நோக்கு, சமநோக்கு, கீழ்நோக்கு என மூவகையாகப் பிரிக்கும். பரணி, கார்த்திகை, ஆயிலியம், மகம், பூரம், விசாகம், மூலம், பூராடம், பூரட்டாதி ஆகிய ஒன்பதும் கீழ்நோக்கு நாட்கள். கிணறு தோண்டவும், கிழங்கு நடவும், புதைந்ததை எடுக்கவும் அவை உரியன என்பர். 2019 டிசெம்பர் 26ஆந் திகதி வியாழக்கிழமை சூரிய கிரகணம். அன்று மூல நட்சத்திரம். சூரியன், சந்திரன், புதன், வியாழன், சனி, கேது என ஆறு கோள்கள் அன்று தனு ராசியிற் கூடியிருந்தன. கல்லிலுள்ள காகத்துக்குரிய சனியும் அக்கூட்டத்தில் இருந்தது. நாளோ கடல் வந்த நாள். அதன் பதினைந்தாம் ஆண்டு நிறைவு. வானம் எடுத்ததை வானமே திருப்பித்தரும் என்று பஞ்சாங்கக்காரர் மாமாவிடம் சொன்னாராம். அவர் சொன்னவற்றுள் மாமாவின் நெஞ்சில் இறங்கியது அந்த ஒரு வாக்கியமே என்று இன்று எண்ணுகின்றேன்.

என் பங்கு சிறியது. நான் அப்போது உயர்தரக் கலைப்பிரிவு மாணவன். "நீ படிச்ச புள்ளதானே, இந்தக் கிரகணம் சரியா எத்தின மணிக்கு உச்சத்துக்கு வருமெண்டு பார்த்துச் செல்லு மனே" என்று மாமா கேட்டார். நான் கைத்தொலைபேசியில் வானியல் அட்டவணையொன்றைத் தேடிப்பிடித்து, அதே தாளின் பின்புறத்தில் '9.35' என எழுதிக் கொடுத்தேன். எதற்காகக் கேட்கின்றார் என்பது எனக்குத் தெரியும். தடுத்திருக்கலாம். என்னிடம் ஒரு பெரியவர் அறிவை நாடி வந்தார் என்ற பெருமிதம் அன்று என் வாயைக் கட்டிவிட்டது.

அன்று காலை எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிற் கிரகணத் தொழுகைக்கு அழைப்பு விடுத்தனர். கடலில் மாண்டோருக்கான துஆவும் அன்றே. நான் தொழுகைக்குச் சென்றேன். மாமா முதல்நாள் இரவே காட்டுக்குப் போய்விட்டார். சூரியனின் பெரும்பகுதி மறைந்தபோது வெயிலின் நிறம் மங்கி, முற்றத்து நிழல்கள் கூர்மையாயின. தொழுகையின் பின் இமாம் ஆற்றிய உரை நபிகளாரின் மகன் இப்ராஹீமைப் பற்றியது. கி.பி. 632இல் அக்குழந்தை மதீனாவில் இறந்த நாளிற் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. நபியின் மகன் இறந்தமையாலேயே சூரியன் இருண்டது என மக்கள் பேசத் தொடங்கினர். நபிகளார் அதனை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள் இரண்டு. எவருடைய இறப்புக்காகவும் எவருடைய பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்ற கருத்துப்பட விடையிறுத்தார்.

பள்ளிவாசற் பாயில் அமர்ந்திருந்த எனக்கு மாமாவின் நினைவு வந்தது. இருவரும் பிள்ளையை இழந்த தந்தையர். மகனை அடக்கிய நாளிலேயே, வானம் தன் துயரில் பங்குகொண்டது என்ற ஆறுதலை ஒருவர் மறுத்தார். மற்றவரோ பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து, அதே போன்றதோர் ஆறுதலைத் தம் வயலை ஈடுவைத்து வாங்கினார். முன்னவரின் மறுப்பு எத்துணைக் கடினமானது என்பதை மார்க்கப் பாடத்திற் படித்தபோது நான் உணர்ந்ததில்லை.

மூன்றாம் நாள் இரவு மாமா திரும்பிவந்தார். உடம்பெல்லாம் சேறு, கடுங் காய்ச்சல். ஆளுயரக் குழியில் ஊறிய நீரைத் தவிர வேறொன்றையும் அவர்கள் காணவில்லை. தூண் பெயர்க்க வராமையால், கல்லுடைக்கும் சம்மட்டி கொண்டு அதனைத் துண்டுதுண்டாக உடைத்திருந்தனர். பஞ்சாங்கக்காரர் தோல்விக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். நான் எழுதிக் கொடுத்தது யாழ்ப்பாணத்துக்குரிய நேரமாம். அந்தக் காட்டுக்குரிய நேரம் சில நிமிடங்கள் வேறுபடுமாம். அவ்விடைவெளியிற் காவல் மீண்டுவிட்டதாம். வானியல் முறைப்படி அவர் கூற்றின் முற்பகுதி உண்மை. இடத்துக்கிடம் கிரகண நேரம் வேறுபடவே செய்யும். அந்த உண்மைத் துளியைக் கொண்டே மாமாவின் இழப்பை என் தலையில் அவர் சுமத்திவிட்டுப் போனார். மாமா என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. ஈட்டுக்குப் போன வயல் மீளவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னர் இப்னு கல்தூனின் முகத்திமாவை நூலகத்தில் எடுத்தேன். 1377இல் எழுதப்பட்ட அந்நூலில், புதையல் தேடுதல் இயற்கையான வாழ்வாதாரமன்று என்பதனை நிறுவுவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வட ஆபிரிக்காவின் மேற்குப் பகுதியில் 'மாணவர்' எனப்பட்டோர் சிலர், ஓரம் கிழிந்த பழைய தாள்களைச் செல்வரிடம் காட்டி, புதையலின் அடையாளம் இதிலுள்ளதெனச் சொல்லிப் பொருள் பறித்தமையை அவர் விவரிக்கின்றார். தோண்டி எதுவும் கிடைக்காவிடில், காவல் மந்திரத்தை உரியவாறு அவிழ்க்கவில்லை என்பார்களாம். ஏறத்தாழ அறுநூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்தச் சமாதானம் மாறவில்லை. 'மாணவர்' என்ற சொல்லை அவ்விடத்திற் கண்டபோது நான் சற்றுக் கூசினேன். கிழிந்த தாளுக்கு நேரம் எழுதிக் கொடுத்தவனும் ஒரு மாணவன்தானே! அவர் எழுப்பும் வினா ஒன்று மிக எளியது: தன் பொருளை ஒருவரும் காணாதவாறு மறைக்க விரும்பியவன், எக்காலத்தவரும் கண்டுபிடிக்கும் வண்ணம் அதற்கு அடையாளமும் இட்டுவைப்பானா?

மண்ணுக்குள் ஒன்றுமே இல்லை என்பது இதன் பொருளாகாது. பழைய விகாரைகளிற் சிலைப்பீடங்களின் கீழ், ஒன்பதாகவும் இருபத்தைந்தாகவும் குழிகள் வெட்டப்பட்ட யந்திரக்கற்களை வைத்து, அவற்றுள் மணிகளையும் சிற்றுருவங்களையும் இட்டனர். புதையல் வேட்டைக்காரர் சிலைகளைப் பெயர்ப்பதன் காரணம் அதுவே. கடலிலும் உண்டு. 1961இல் கிரிந்தைக்கு அப்பாலுள்ள பாறைத்தொடரருகே சுழியோடிகள் வெள்ளி நாணயக் கட்டிகளைக் கண்டெடுத்தனர். அவை ஔரங்கசீப் காலத்து ரூபாய்கள், சூரத்தில் அச்சிடப்பட்டவை, ஹிஜ்ரி 1113 எனும் ஆண்டு பொறிக்கப்பட்டவை. ஆதர் சி. கிளார்க் 1964இல் அதுபற்றி ஒரு நூலே எழுதினார். அவற்றைக் கண்டவர்கள் படமெடுக்கச் சுழியோடியவர்கள். நாள் பார்த்துச் சென்றவர்களல்லர்.

சோதிட மரபு முழுவதையும் குற்றக் கூண்டில் நிறுத்துவதும் என் நோக்கமன்று. 1310இல் தம்பதெனிய அரசவையில் அரங்கேறிய, போசராச பண்டிதரின் சரசோதிமாலை ஒரு சோதிட நூலாகும். ஈழத்தில் எழுந்து இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுள் அதுவே முந்தியது என்பர். கிரகணம் நிழலால் விளைவது என்பதனை ஆரியபட்டர் கி.பி. 499இலேயே எழுதிவிட்டார். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரும் இராகு விழுங்கும் கதையை மறுத்து நிழலையே காரணமாகக் காட்டுகின்றார். காட்டியபின், எந்த மாதத்துக் கிரகணம் எந்நாட்டாருக்குத் தீங்கு எனப் பட்டியலும் இடுகின்றார். அறிந்த உண்மையும் நம்ப விரும்பும் பலனும் ஒரே நூலில் அடுத்தடுத்து வாழ்ந்தமைக்கு அது சான்று. பள்ளிவாசலிற் கிரகணத் தொழுகை தொழுத நானும் முதல்நாள் '9.35' எழுதிக் கொடுத்தவனே. எனவே வராகமிகிரரை நோக்கிக் கைநீட்ட எனக்கு உரிமை குறைவு.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், விரிவுரை மண்டபத்தில் ஈழத்துக் கல்வெட்டுகள் பற்றிய படங்களைக் காட்டினர். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தூண் கல்வெட்டொன்று திரையில் விழுந்தது. ஒரு வட்டம், ஒரு பிறை, ஒரு காகம், ஒரு நாய். நான் இருக்கையில் நிமிர்ந்தேன். அக்காலத்து அரசர்கள் கிராமங்களுக்கும் விகாரைகளுக்கும் வழங்கிய மானியங்களையும் விலக்குரிமைகளையும் இத்தகைய தூண்களிற் பொறித்து நட்டனர். அரச அலுவலர் இவ்வெல்லைக்குட் புகலாகாது, இன்ன வரியை அறவிடலாகாது என்பன போன்ற ஆணைகள் அவை. சூரியனும் சந்திரனும் அவ்வாணையின் காலவெல்லையைக் குறிப்பன; அவை உள்ளவரை இதுவும் நிலைக்க என்பது பொருள். தமிழ்க் கல்வெட்டுகளிற் 'சந்திராதித்தவரை' என வருவதும் அதுவே. காகமும் நாயும் ஆணையை அழிப்பவனுக்குரிய சாபம். அவன் மறுபிறப்பிற் காகமாகவும் நாயாகவும் பிறப்பான் என்பதாம். எழுத்தறியாதவனுக்கும் விளங்கட்டும் என்றே அவற்றைப் படமாகச் செதுக்கினர்.

அந்தக் கல்லில் மறைபொருள் எதுவுமே இருக்கவில்லை. எவரும் காணத்தக்க இடத்தில், எவருக்கும் விளங்கத்தக்க குறியோடு நின்ற பொது அறிவித்தல் அது. பஞ்சாங்கக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் வானில் ஒரு பொருள் தேடினார். படங்களின் கீழிருந்த எழுத்தை அவரோ, அவருடன் சென்ற வேறெவருமோ பொருட்படுத்தவில்லை.

இத்தகைய செயல்களைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்ட தொன்மைகளைப் பாதுகாக்கின்றது. அனுமதியின்றி அகழ்வதைக் குற்றமாக்குகின்றது. 1998ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. இருந்தும் குழிகள் குறையவில்லை. கைது செய்யப்படுவோர் பற்றிய செய்திகளில் மண்வெட்டி, பூசைத்தட்டு, எலுமிச்சம்பழம் ஆகியனவே மீண்டும் மீண்டும் படமாகின்றன. கடனையும், நிலமின்மையையும், ஆறாத துயரையும் புகைப்படம் பிடிக்க இயலாது. என் மாமா பேராசைக்காரர் அல்லர். உழைப்பின் வழியே இழந்ததை இனி ஈட்ட முடியாது எனக் கண்ட ஒருவர், வேறெவ்வழியிலேனும் ஒரு கணக்குத் தீரும் என நம்பினார். இது அவர் செய்ததை நியாயப்படுத்தாது. ஆயினும் இதனை அறியாது மூடநம்பிக்கை என்ற ஒற்றைச் சொல்லோடு நாம் நின்றுவிடின், பஞ்சாங்கக்காரர் அறிந்த அளவுகூட அம்மனிதரை நாம் அறிந்தவர்களாக மாட்டோம்.

சென்ற விடுமுறையில் நான் மாமாவிடம் சென்று, அந்தக் கல் எத்தகையது என விளக்கினேன். அவர் உள்ளே போய்க் குர்ஆன் வைக்கும் தட்டின் கீழிருந்து அந்தத் தாளை எடுத்துவந்தார். அதனை அவர் எறிந்துவிட்டிருப்பார் என்றே எண்ணியிருந்தேன். வட்டமும் பிறையும் காகமும் நாயும் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே, எழுத்துகள் இருந்த இடத்தில், மாமா ஏழெட்டு நேர்கோடுகளை மட்டும் இழுத்திருந்தார். பின்புறத்தில் என் கையெழுத்து: 9.35.

"அதுல என்ன எழுதிக் கிடந்த மனே?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா. சூரியனும் சந்திரனும் இருக்கிற வரைக்கும் இந்த ஊரில ஆரும் கைவைக்கப்படா எண்ட மாதிரி இருந்திருக்கும்."

அவர் நெடுநேரம் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "துண்டெல்லாம் அங்கதான் கிடக்கு. நாங்க ஒண்டையும் எடுக்கல்ல" என்றார்.

துண்டுகளைச் சேர்த்தால் எழுத்தைப் படிக்க முடியும். முழுமையாக இல்லாவிடினும், எந்த ஊர், எந்த அரசன், எவருக்கு வழங்கிய உரிமை என்பதையேனும் அறியலாம். அதற்குத் தொல்பொருள் திணைக்களத்துக்கு இடத்தைச் சொல்லவேண்டும். இடத்தைச் சொல்வதாயின், அதனை எவ்வாறு அறிந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். அறுபது வயதைக் கடந்த ஒரு மனிதர் அதன் பின் நீதிமன்றப் படியேற நேரிடலாம். இவற்றையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன். மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்தபோது, தாளை மடித்து என் கையில் வைத்து, "மழை முடியட்டும், வயல் பாதை காயட்டும். உன்னக் கூட்டிப் போறன். பிறகு நீ எங்க செல்லணுமோ அங்க செல்லு" என்றார்.

இக்கட்டுரையை எழுத அவரே இசைந்தார். இடத்தின் பெயரை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடச் சொன்னார். மாரி இன்னும் முடியவில்லை. நாங்கள் போகும் நாளுக்கு நட்சத்திரம் எதுவெனப் பார்க்கப் போவதில்லை. பாதை காய்ந்திருந்தாற் போதும்.